அஞ்சு சிட்டிங்ல கிடைக்காதது ஒரு புக்ல கிடைச்சதுன்னு எழுதின தோழிக்கு

அம்பத்தூர்ல இருந்து ஒரு தோழி மூணு பக்கத்துக்கு லெட்டர் எழுதியிருக்காங்க. அடையாளம் தெரியற மாதிரி இருந்த விஷயங்களை எல்லாம் மாத்திட்டு சுருக்கமா சொல்றேன். வயசு 38, பிரைவேட் கம்பெனியில அக்கவுன்ட்ஸ் பாக்கறாங்க. போன வருஷம் அப்பா தவறிட்டார், அதுக்கப்புறம் ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடுது, திரும்ப தூக்கம் வரலன்னு, ஆபீஸ் விட்டு வர்ற வழியில பெரம்பூர்ல இறங்கி ஒரு கவுன்சலரைப் பாத்திருக்காங்க. சிட்டிங்குக்கு 1500 ரூபா, அஞ்சு சிட்டிங் போனாங்க, "அவங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்க, எழுதிக்கிட்டே இருந்தாங்க, ஒண்ணும் நடக்கல"ன்னு நிறுத்திட்டாங்க. அப்பதான் ஆபீஸ் ஃப்ரெண்ட் ஒருத்தர் அமெரிக்க சைக்கியாட்ரிஸ்ட் இர்வின் யாலோம் எழுதின 'லவ்ஸ் எக்ஸிக்யூஷனர்' புக்கைக் குடுத்திருக்கார். அவர்கிட்ட வந்த பத்து பேரோட கதை. லேடீஸ் கம்பார்ட்மென்ட்ல உக்காந்து மூணே வாரத்துல முடிச்சிருக்காங்க, அதுல ஒரு கதையை மட்டும் நாலு தடவை படிச்சாங்களாம்.

கேள்விங்க இதுதான். இதே மாதிரி தெரபிஸ்ட்டுங்களே எழுதின, நாவல் மாதிரி இழுத்துட்டுப் போற புக்ஸ் வேற என்ன இருக்கு, இங்கிலீஷ் கொஞ்சம் மெதுவாத்தான் படிப்பேன், தமிழ்ல இருக்கா? அந்தக் கதை எல்லாம் நிஜமா? என் கவுன்சலர் எழுதின நோட்ஸ் நாளைக்கு ஒரு புக்ல வந்துடுமா? 500 ரூபா புக்லயே இவ்வளவு புரியுதுன்னா திரும்ப 1500 குடுத்து எதுக்குப் போகணும்? கூடவே ரெண்டு விஷயம். "அடுத்தவங்க வீட்டு ஜன்னல்ல எட்டிப் பாக்கறதுல என்ன சுகம்"னு வீட்டுக்காரர் கேட்டாராம். புக்ல படிச்சதை வச்சு நாத்தனார்கிட்ட "உனக்கு உள்ளுக்குள்ள சாவு பயம், அதான் எல்லார்கிட்டயும் கத்தற"ன்னு சொல்லி, அவங்க ஒரு மாசமா பேசறதில்லையாம்.

அன்புத் தோழி, உங்க வீட்டுக்காரர் கேட்டதுல இருந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா அது உங்களை உறுத்திட்டே இருக்குன்னு லெட்டர்ல தெரியுது. எங்க வீட்டுல வாரப் பத்திரிகை வந்ததும் எங்க அம்மா தொடர்கதைக்கு முன்னாடி டாக்டர் கேள்வி பதில் பக்கத்தைத்தான் திருப்புவாங்க. யாரோ மதுரையில ஒரு பொண்ணு கேட்டிருப்பா, அம்மா படிச்சிட்டு கொஞ்ச நேரம் பேசாம உக்காந்திருப்பாங்க. நமக்கு இருக்கற இந்த நெனப்பு நமக்கு மட்டும்தானா, வேற யாருக்காவது இருக்கான்னு தெரிஞ்சுக்கற தவிப்பு அது. எட்டிப் பாக்கறவங்களுக்கு அடுத்தவங்க கஷ்டத்துல ஒரு கிளுகிளுப்பு இருக்கும், நீங்க அந்தக் கதையைப் படிச்சிட்டு ட்ரெயின்ல அழுததா எழுதியிருக்கீங்க. ரெண்டும் வேற வேற, குத்தவுணர்ச்சியே வேண்டாம்.

அந்தக் கதை எல்லாம் நிஜமா?

நடந்ததுதான், ஆனா நடந்தபடியே இல்ல. பேர், ஊர், வேலை, சில சமயம் வயசு, குடும்பம்னு எல்லாத்தையும் மாத்துவாங்க, ரெண்டு பேரோட கதையை ஒண்ணாச் சேக்கறதும் உண்டு. யாரையும் அடையாளம் கண்டுபிடிக்கக் கூடாதுன்னா வேற வழி கிடையாது. லண்டன்ல சூசி ஆர்பாக்னு ஒரு தெரபிஸ்ட், 1999ல வந்த 'தி இம்பாசிபிலிட்டி ஆஃப் செக்ஸ்' புக்ல, இதுல வர்ற ஆளுங்க என் கற்பனை, தெரபிஸ்ட் மனசுக்குள்ள என்ன ஓடுதுங்கறது மட்டும் நிஜம்னு சொல்லிட்டே எழுதினாங்க. எனக்கு அந்த நேர்மை ரொம்பப் பிடிக்கும்.

ஆனா பேர் மாத்தறதை விடப் பெரிய மாத்தம் ஒண்ணு இருக்கு, நீங்க கவனிக்க வேண்டியது அதைத்தான். ஆறு மாசம், ஒரு வருஷம்னு நடந்த வேலையை முப்பது நாப்பது பக்கத்துல சொல்லும்போது ஒண்ணுமே நடக்காத வாரங்கள் எல்லாம் காணாமப் போயிடும். வந்து உக்காந்து, வெயிலைப் பத்தியும் மாமியாரைப் பத்தியும் பேசிட்டுப் போன நாள், பாதி நேரம் சும்மாவே இருந்த நாள், இதெல்லாம் கதையில ஒரு வரி கூட வராது. நீங்க படிச்சது அந்த வருஷத்தோட முக்கியமான பத்து மணி நேரத்தை. அதை உங்களோட முதல் அஞ்சு மணி நேரத்தோட பக்கத்துல வச்சுப் பாத்து "எனக்கு ஒண்ணும் நடக்கல"ன்னு சொல்றீங்க. உங்க அஞ்சையும் நல்லா எழுதத் தெரிஞ்ச ஒருத்தர் கையில குடுத்தா அவங்களும் அதுல ஏதோ ஒரு நிமிஷத்தை எடுத்து கதையாக்கிடுவாங்க, அது எந்த நிமிஷம்னு எனக்கு ஒரு யோசனை இருக்கு, கடைசியில வரேன்.

இந்த மாதிரி எழுத்து ஆரம்பிச்சதே 1895ல, வியன்னாவுல ப்ராயர், ஃப்ராய்ட்னு ரெண்டு டாக்டருங்க சேந்து, அப்ப ஹிஸ்டீரியான்னு சொன்ன மனநோயைப் பத்திப் போட்ட புக்ல. தான் எழுதற கேஸ் எல்லாம் சிறுகதை மாதிரி இருக்கறது தனக்கே விசித்திரமா இருக்குன்னு ஃப்ராய்டே அதுல சொல்றார். அதுல வர்ற முதல் கேஸ், 'அன்னா ஓ'ன்னு பேர் மாத்தின ஒரு பொண்ணோடது. பேசிப் பேசியே சரியாகறதுக்கு 'டாக்கிங் க்யூர்'னு பேர் வச்சது டாக்டர் இல்ல, அந்தப் பொண்ணுதான். புக்ல அவங்க குணமாயிட்டதாத்தான் இருக்கு. ஆனா ப்ராயர்கிட்ட ட்ரீட்மென்ட் முடிஞ்சப்புறம் அவங்களை ஸ்விட்சர்லாந்துல ஒரு சானடோரியத்துல சேத்திருந்தாங்கங்கறது ரொம்ப காலம் கழிச்சு பழைய ரெக்கார்டை எடுத்துப் பாத்தப்ப தெரிய வந்தது. அதோட அவங்க கதை முடியல. பெர்தா பாப்பன்ஹைம்ங்கற சொந்தப் பேர்ல பின்னாடி பெரிய சமூக சேவகி ஆனாங்க, 1904ல ஜெர்மனியில யூதப் பெண்களுக்கு ஒரு அமைப்பே ஆரம்பிச்சாங்க. டாக்டர் எழுதின முடிவு வேற, அவங்க வாழ்ந்த வாழ்க்கை வேற. எந்த கேஸ் கதையோட கடைசிப் பக்கத்தைப் படிச்சாலும் இது ஞாபகம் இருக்கட்டும்.

எதைப் படிக்கலாம்

நான் இந்த மாதிரி புக்கை எடுத்தா ஒண்ணே ஒண்ணுதான் பாப்பேன், எழுதினவர் தான் எங்க தடுமாறினேன்னு சொல்றாரான்னு. ஒவ்வொரு கதையிலயும் டாக்டர் கரெக்டா ஒரு வார்த்தையைப் பிடிச்சு, பேஷன்ட் அழுது, எல்லாம் சரியாப் போச்சுன்னு முடிஞ்சா அந்த புக்கை மூடி வச்சிடுவேன். அது விளம்பரம். உங்களுக்கு யாலோம் பிடிச்சதுக்குக் காரணமும் இதான்னு நெனைக்கறேன், உடம்பு பெருத்த ஒரு பொண்ணு உள்ள வந்ததும் தனக்கு வந்த அருவருப்பை அவர் மறைக்காம எழுதறார் இல்லையா, படிக்கவே சங்கடமா இருக்கும், அதனாலதான் மத்ததையும் நம்பத் தோணுது.

அவரோடதே இன்னொண்ணு, 1974ல வந்த 'எவ்ரி டே கெட்ஸ் எ லிட்டில் க்ளோசர்'. அதை அவர் தனியா எழுதல, பேஷன்டும் சேந்து எழுதினது, ஜின்னிங்கற புனைபேர்ல. அந்தப் பொண்ணுக்கு எழுத வரும், ஆனா எழுத முடியாம தடைபட்டு நின்னுட்டாங்க. அதனால ஃபீஸுக்குப் பதிலா ஒவ்வொரு சிட்டிங் முடிஞ்சதும் என்ன நடந்ததுன்னு நீ எழுது, நானும் எழுதறேன், சில மாசத்துக்கு ஒரு தடவை மாத்திப் படிப்போம்னு ஏற்பாடு. ஒரே ஒரு மணி நேரத்தை ரெண்டு பேரும் எழுதியிருக்காங்க, ஆனா ரெண்டும் ஒட்டவே ஒட்டாது. அவர் தன்னோட புத்திசாலித்தனமான விளக்கத்தை எல்லாம் பெருசா நெனைச்சிட்டு இருக்கார், அந்தப் பொண்ணு மனசுல நின்னது அவர் லேட்டா வந்ததுக்கு மன்னிப்பு கேட்டது, இன்னிக்கு நீ நல்லா இருக்கேன்னு அவர் சொன்னது, தன் ஜோக்குக்கு அவர் சிரிச்சது. உங்க கவுன்சலரைப் பத்தி நீங்க எழுதினதைப் படிச்சதும் எனக்கு இந்த புக்தான் ஞாபகம் வந்தது.

இங்கிலீஷ் மெதுவா வரும்னு சொன்னதால அடுத்து நீங்க எடுக்க வேண்டியது ஸ்டீஃபன் க்ரோஸ் எழுதின 'தி எக்ஸாமின்ட் லைஃப்', 2013. லண்டன்ல 25 வருஷம் சைக்கோஅனலிஸ்ட்டா, அதாவது ஃப்ராய்ட் வழியில வர்ற தெரபிஸ்ட்டா, இருந்ததை வச்சு எழுதினது. சின்னச் சின்ன அத்தியாயம், வில்லிவாக்கத்துல ஆரம்பிச்சா அம்பத்தூர் வர்றதுக்குள்ள ஒண்ணு முடிஞ்சிடும், வார்த்தையும் ரொம்ப எளிமை. முதல் கதையிலயே பேஷன்ட் இறந்துட்டான்னு அவருக்கு லெட்டர் வருது, அவர் துக்கப்படறார், ஆறு மாசம் கழிச்சு அதே ஆள் ஃபோன் பண்றான். ஏமாத்தப்பட்ட டாக்டருக்குக் கோபம் வரணுமா வேண்டாமா, அந்த ஏமாத்து வேலைக்குள்ள அவன் சொல்ல வந்தது என்னன்னு கதை போகும். குழந்தையை எதுக்கெடுத்தாலும் "சூப்பர், நீதான் பெஸ்ட்"னு புகழறது பத்தியும் ஒரு அத்தியாயம் இருக்கு, உங்க பையன் ஆறாவது படிக்கறான்னு எழுதியிருக்கீங்களே, படிச்சுப் பாருங்க.

பழசுல ஒண்ணு, ராபர்ட் லிண்ட்னரோட 'தி ஃபிஃப்டி மினிட் அவர்', 1955. அதுல கடைசிக் கதைக்காகவே வாங்கலாம். வேற கிரகத்துல தான் ஒரு ராஜான்னு வாழ்ந்துட்டிருக்கற ஒரு விஞ்ஞானி, வரைபடம், வரலாறுன்னு ஆயிரக்கணக்கான பக்கம் எழுதி வச்சிருக்கார். அவரை வெளிய கொண்டு வர்றதுக்காக லிண்ட்னரும் அந்த உலகத்துக்குள்ள போறார், போனவர் கொஞ்சம் கொஞ்சமா தானே அதுல மாட்டிக்கிறார். ஒரு நாள் பேஷன்ட் சொல்றார், டாக்டர், நான் இதை எல்லாம் விட்டு கொஞ்ச நாள் ஆச்சு, உங்களுக்காகத்தான் இன்னும் இருக்கற மாதிரி பேசிட்டு இருந்தேன்னு. எத்தனை தடவை படிச்சாலும் அந்த இடத்துல எனக்குக் கை நிக்கும்.

குழந்தைங்க பத்தின்னா வர்ஜீனியா ஆக்ஸ்லைன் எழுதின 'டிப்ஸ் இன் சர்ச் ஆஃப் செல்ஃப்', 1964. பேசாம, யார்கூடவும் சேராம இருக்கற அஞ்சு வயசுப் பையன், வாரத்துக்கு ஒரு மணி நேரம் விளையாட்டு ரூம்ல அவனை அவன் போக்குல விடறாங்க, அவ்வளவுதான். ரொம்பப் படிச்ச அப்பா அம்மா, பையன்கிட்ட எதிர்பார்ப்பு மட்டும் மலை மாதிரின்னு நம்ம சென்னை வீடு மாதிரியே இருக்கும். ஆனா ஒரு எச்சரிக்கை, அம்மா பாசமா இல்லாததால பிள்ளை இப்படி ஆயிட்டான்னு அந்தக் காலத்துல நம்பினது அந்தக் கதைக்குள்ள ஓடிட்டே இருக்கும். ஆட்டிசம் பத்தி இன்னிக்குத் தெரிஞ்சது வேற, எந்த அம்மாவும் அதைப் படிச்சிட்டுத் தன்னைக் குத்தம் சொல்லிக்கக் கூடாது.

லோரி காட்லீப்போட 'மேபி யூ ஷுட் டாக் டு சம்ஒன்' 2019ல வந்தது, கொஞ்சம் குண்டு புக், ஆனா வேகமாப் போகும். தெரபிஸ்ட்டே காதல் முறிஞ்சு இன்னொரு தெரபிஸ்ட்கிட்ட போய் உக்காந்து அழறாங்க, அவங்ககிட்ட வர்றவங்க கதையும் கூடவே வரும். அதுல எழுபதை நெருங்கற ஒரு அம்மா, வாழ்க்கை மாறலன்னா முடிச்சுக்கறேன்னு தேதி குறிச்சு வச்சிட்டு வருவாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சு அதைப் படிக்காதீங்க, பகல்ல படிங்க. எப்பவாவது உங்களுக்கே அந்த மாதிரி நெனப்பு வந்தா புக்கை எடுக்காம ஃபோனை எடுங்க, அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, காசு கிடையாது, எந்த நேரமும், தமிழ்லயே பேசலாம்.

நம்ம நாட்டு விஷயம் வேணும்னா சுதிர் கக்கர். ஃப்ராய்ட் வழியில ட்ரெயினிங் எடுத்தவர், 1982ல 'ஷாமன்ஸ், மிஸ்டிக்ஸ் அண்ட் டாக்டர்ஸ்'னு எழுதினார். தர்காவுக்கும் பேய் ஓட்டற கோயிலுக்கும் போய் உக்காந்து, அங்க வர்றவங்களுக்கு உண்மையிலேயே என்ன நடக்குதுன்னு பாத்தவர். கேலியும் பண்ணல, கும்பிடும் போடல. கொஞ்சம் கனமான புக், கடைசியா வச்சுக்கங்க.

தமிழ்ல சிட்டிங் சிட்டிங்கா போற இந்த மாதிரி கதை புக் இங்கிலீஷ் அளவுக்கு வரல, கேள்வி பதில் வடிவம்தான் நமக்கு அதிகம். எனக்குத் தோணற காரணம் இது. லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு டிவி எழுத்தாளர்னு எழுதினா யாரையும் கண்டுபிடிக்க முடியாது. இங்க கொளத்தூர்ல நகைக்கடை வச்சிருக்கறவரோட ரெண்டாவது மருமகன்னு ஒரு வரி எழுதுங்க, சொந்தக்காரங்க பாதிப் பேர் யாருன்னு சொல்லிடுவாங்க. வேலை, ஏரியா, கல்யாணம் பண்ணின ஊர், இதை எல்லாம் எடுத்துட்டா கதையில உயிர் இல்ல, வச்சா ஆளு மாட்டிக்குவாங்க. இதே கவுன்சலிங் வேலையில இருக்கற நானும் எழுத உக்காந்து, இந்த ஒரு காரணத்துக்காகவே ரெண்டு தடவை கிழிச்சுப் போட்டிருக்கேன்.

எல்லாத்தையும் காசு குடுத்து வாங்காதீங்க. நீங்க சென்ட்ரல்ல இறங்கறவங்க, 1985ல மூர் மார்க்கெட் எரிஞ்சப்புறம் பழைய புக் கடைக்காரங்களுக்குப் பக்கத்துலயே அல்லிக்குளத்துல இடம் குடுத்தாங்க, அங்க ஒரு நடை பாருங்க. எழும்பூர் கன்னிமாரா, கோட்டூர்புரம் அண்ணா நூலகம் ரெண்டும் இருக்கு, நந்தனம் புக் ஃபேர் வந்தா அதுலயும் தேடலாம்.

என் கதையை எழுதிடுவாங்களா?

உங்க பயம் நியாயமானதுதான், ஏன்னா பழைய காலத்துல அப்படி நடந்திருக்கு. டோரான்னு பேர் மாத்தி ஃப்ராய்ட் எழுதின 18 வயசுப் பொண்ணு, 11 வாரத்துல போதும்னு எழுந்து போயிட்டா, 1900 டிசம்பர் 31. அந்த கேஸை 1905ல வெளியிட்டார், அந்தப் பொண்ணுகிட்ட கேக்கல, ஒருவேளை அவ படிச்சா வருத்தப்படுவான்னு முன்னுரையில அவரே ஒத்துக்கறார். தன்மேல அவளுக்கு என்ன உணர்ச்சி உருவாச்சுங்கறதை சரியான நேரத்துல கவனிக்காம விட்டுட்டேன்னும் அதுல எழுதியிருக்கார்.

இன்னிக்கு நம்ம நாட்டுல மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017 இருக்கு, 2018 மே 29ல இருந்து நடைமுறையில இருக்கு. அதோட 23வது பிரிவு, ட்ரீட்மென்ட்ல சொன்ன எதையும் ரகசியமா வச்சுக்கறது ட்ரீட்மென்ட் குடுக்கற நிபுணர்களோட கடமைன்னு சொல்லுது. உயிருக்கு ஆபத்து, இன்னொருத்தருக்குத் தீங்கு நடக்கப் போகுது, கோர்ட் உத்தரவு, கூட ட்ரீட்மென்ட் பாக்கற இன்னொரு டாக்டருக்குத் தெரிய வேண்டியதுன்னு சில விதிவிலக்கு மட்டும் உண்டு. மனநல மருத்துவமனையில இருக்கறவங்க பத்தின தகவலையோ ஃபோட்டோவையோ சம்மதம் இல்லாம மீடியாவுக்குக் குடுக்கக் கூடாதுன்னு 24வது பிரிவு சொல்லுது. ஆனா தோழி, கவுன்சலர்னு போர்டு வச்சிருக்கற எல்லாருமே இந்தச் சட்டம் சொல்ற 'நிபுணர்'ங்கற வரையறைக்குள்ள வர்றதில்ல. அதனால நேராவே கேளுங்க. என்ன படிச்சிருக்கீங்க, எங்க பதிவு பண்ணியிருக்கீங்க, இந்த நோட்ஸை யார் பாப்பாங்க, எத்தனை நாள் வச்சிருப்பீங்க? கேட்டா தப்பா நெனைப்பாங்களோன்னு தயங்காதீங்க, கோபப்பட்டா அங்க இருந்து நீங்க வந்துடலாம். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், பேர் சொல்லாம ஒரு சீனியர்கிட்ட கேஸைப் பேசி யோசனை கேக்கறது எங்க வேலையில வழக்கம்தான், நல்லதும் கூட, அதைக் கேட்டுட்டு பயந்துடாதீங்க. எழுதிக்கிட்டே இருந்தாங்கன்னு சொன்னீங்களே, போன வாரம் நீங்க சொன்ன சின்ன விஷயத்தை அடுத்த வாரம் மறக்கக் கூடாதுன்னுதான் எழுதறோம். அது உங்களுக்கு இடைஞ்சலா இருந்தா, கொஞ்ச நேரம் எழுதாம என்னைப் பாருங்கன்னு சொல்லலாம், தாராளமா சொல்லலாம்.

நாத்தனார் விஷயம்

இதுல நீளமாப் பேச ஒண்ணுமில்ல, ஃபோன் போட்டு மன்னிப்பு கேட்டுடுங்க. நீங்க சொன்னது சரியாவே இருந்திருக்கலாம், ஆனா அவங்க கேக்கவே இல்லையே. நான் பிராக்டீஸ் ஆரம்பிச்ச புதுசுல, ஒரு அம்மா பேசிட்டு இருக்கும்போதே புக்ல படிச்ச மாதிரி ஒரு விளக்கத்தைச் சொன்னேன், ரொம்பப் பொருத்தமான விளக்கம்னு அன்னிக்கு வீட்டுக்குப் போற வரைக்கும் சந்தோஷமா இருந்தேன். அவங்க அடுத்த வாரம் வரல, அப்புறம் வரவே இல்ல. இத்தனை வருஷம் ஆச்சு, அவங்க புடவை நிறம் கூட எனக்கு ஞாபகம் இருக்கு.

புக் போதுமா?

புக் ஒரு வேலையை ரொம்ப நல்லாச் செய்யும். சொல்றதுக்கு வார்த்தையே இல்லாம இருந்ததுக்கு வார்த்தை குடுக்கும், அடுத்தவங்க அந்த நாற்காலியில உக்காந்து பேசினதைப் பாத்து நமக்கும் தைரியம் வரும். ஆனா புக் உங்களைத் திருப்பிக் கேக்காது. வலிக்கற இடம் வந்தா மூடி வச்சிடலாம், பெரம்பூர் வந்தா இறங்கிடலாம். 1500 ரூபா பாரம்தான், அதை நான் லேசாச் சொல்லல, மாசத்துக்கு ரெண்டு தடவை வரட்டுமா, ஃபீஸ் குறைக்க முடியுமான்னு கேளுங்க, நிறைய பேர் ஒத்துக்குவாங்க. முடியலன்னா கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில வெளிநோயாளியாப் போய்ப் பாக்கலாம், பக்கத்துல என்ன வசதி இருக்குன்னு அதே 14416லயும் கேக்கலாம்.

இப்ப அந்த நிமிஷத்துக்கு வரேன். மூணு பக்க லெட்டர்ல அப்பாவைப் பத்தி நீங்க எழுதினது ஒரே வரி, "போன வருஷம் தவறிட்டார்". நாலு தடவை படிச்சேன், ஏன்னு தெரியலன்னு சொன்ன கதை, பொண்ணைப் பறிகொடுத்துட்டு வருஷக்கணக்கா அதுலயே நின்னுட்ட டாக்ஸி ஓட்டற அம்மாவோட கதை. அப்புறம் இரண்டாவது பக்கத்துல போற போக்குல ஒண்ணு எழுதியிருக்கீங்க, அஞ்சாவது சிட்டிங்ல ஆஸ்பத்திரியில கடைசி ராத்திரி யார் கூட இருந்தாங்கன்னு அவங்க கேட்டாங்க, எனக்கு ட்ரெயினுக்கு நேரமாச்சுன்னு எழுந்து வந்துட்டேன்னு. அதுக்கப்புறம்தான் நீங்க போகவே இல்ல. லெட்டரை மட்டும் வச்சு நான் நெனைக்கறது தப்பாவும் இருக்கலாம், உங்களை நேர்ல பாத்தவங்க அவங்கதான். ஆனா ஒண்ணும் நடக்கலன்னு நீங்க சொன்ன அஞ்சு மணி நேரத்துல எனக்கு இந்த ஒரு கேள்வி நடந்த மாதிரித்தான் தெரியுது.

ஒரே ஒரு தடவை போயிட்டு வாங்க. அந்த புக்கையும் கையில எடுத்துட்டுப் போங்க, அந்த டாக்ஸி அம்மா கதை இருக்கற பக்கத்தைத் திறந்து வச்சு, இதை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கறேன், அன்னிக்கு நீங்க கேட்டதுக்கு பதில் சொல்லாம வந்துட்டேன்னு சொல்லுங்க, அதுக்கு மேல எதையும் தயார் பண்ண வேண்டாம். வீட்டுல கொஞ்சம் லேட்டாகும்னு முன்னாடியே சொல்லிடுங்க, வழக்கமாப் போற வண்டியை விட்டுட்டு அதுக்கு அடுத்ததுல போற மாதிரி வச்சுக்கங்க.